ஒரு தடவைதான் கேட்பாங்க

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. பர்மாவின் யாங்கோனில், ரயில் பாதையை ஒட்டிய மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத் தெரு ஒன்றில், மூன்றாவது மாடியில் நான் தனியாக இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அலோன் ஆற்றங்கரையில் ஒரு பருப்புக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு மட்டும் வீட்டு வேலை.

வீட்டு வேலை என்றால் அது கரண்ட் வேலை. எங்கள் வட்டாரத்துக்கு முறை வைத்துத்தான் மின்சாரம் விடுகிறார்கள். அன்று காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை எங்கள் முறை. "மீ லாபி!" என்று தெருப் பிள்ளைகள் கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே எழுந்து மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். அடுத்தது சோறு, அதற்கடுத்தது அந்த வாரத்துக்கான துணிகளுக்கு இஸ்திரி, கடைசியாக ஃபோன் சார்ஜ். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. அன்று இஸ்திரியை முடித்து ஃபோனைச் சொருகிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், முறை முடியும் முன்பே கரண்ட் போய்விட்டது. இனி இரவு ஒன்பது மணிக்குத்தான். டைரியில் அதைக் குறித்துவிட்டு சமையலைக் கவனித்தேன்.

என் ஒரே மகள் ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மருமகனும் அங்கேதான். அவர் இதே யாங்கோனில் தாகேதா பக்கம் பிறந்து வளர்ந்த பர்மியப் பிள்ளை. கல்யாணம் அங்கேயே நடந்தது, நான் ஃபோனில் பார்த்தேன். மருமகனை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ், "சாப்ட்டீங்களா?" பேச்சைத் தொடங்கவும் அதுதான், முடிக்கவும் அதுதான்.

இருவருக்கும் ஒரு வாரம் விடுமுறை கிடைத்தது. நண்பரின் பழைய காரை வாங்கிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பினார்கள். ஆஸ்திரியா மலைகளைத் தாண்டி இத்தாலிக்குப் போய்க் கடலைப் பார்ப்பது திட்டம். கையில் காசு குறைவு. அதனால் படுக்கை காரின் பின்சீட்டை மடக்கிப் போட்ட மெத்தையில், குளியல் பெட்ரோல் பங்கில், சாப்பாடு சின்ன காஸ் அடுப்பில் வடித்த சோறும் இங்கிருந்து நான் அனுப்பிய வறுத்த இறால்பொடியும். பெரிய சாலைகளில் போகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று குறுகலான மலைச்சாலைகளிலேயே போனார்கள். தினமும் படம் வரும். ஒரு படத்தில், காரின் ஜன்னலில் மகளுடைய தமேன் காய்ந்துகொண்டிருந்தது. அதாவது நம் கைலி மாதிரிப் பெண்கள் கட்டுவது. பின்னால் முழுக்கப் பனிமலை.

அன்று மாலை இங்கே ஆறரை இருக்கும், அங்கே ஒரு மணி. மகள் அழைத்தாள்.

"அம்மா, வண்டி நின்னுடுச்சு."

அவள் தமிழில் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது. என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் வாயில் வருவது பர்மியம்தான். பயந்தால் மட்டும் தமிழ் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

மலைச்சாலையில் எஞ்சின் அணைந்துவிட்டது. பனி கொட்டுகிறது. எஞ்சின் ஓடாததால் காருக்குள் சூடும் இல்லை. பழுதான வண்டியை இழுத்துப்போகிறவர்களை அழைத்தால், பாதை சரியில்லை, இருட்டும் முன்பு வர முடியாது என்கிறார்கள். இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்தபோது, பேச்சின் நடுவே மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு விசில் சத்தம் கேட்டது. என் காதுக்குப் பழகிய சத்தம் அது. குளிர் பட்டால் அவளுக்கு இழுப்பு வரும்.

"பம்ப் அடிச்சியா?"

"அடிச்சேன். அதுல இனிமே ஒண்ணும் இல்லம்மா."

பக்கத்தில் வீடே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். சாலையிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு பண்ணை வீடு. புகைபோக்கியில் புகை தெரிகிறது. அந்த வீட்டு அம்மாள் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டும் போயிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"வேணாம், பரவாயில்ல, தேங்க்ஸ்னு சொன்னேன்."

"ஏண்டி?"

"முதல் தடவைதானேம்மா கேட்டாங்க!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நின்னுட்டே இருந்தோம். அவங்க தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க."

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரலாம். நான் அவளை வளர்த்த விதம் அது. யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால் வாங்கிக்கொள்ளலாம். பர்மியர்களும் அப்படித்தான். அதற்கு அவர்களிடம் 'ஆ நா' என்று ஒரு சொல்லே இருக்கிறது. 'ஆ' என்றால் வலு, 'நா' என்றால் வலி. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்க மனம் கூசுவதற்குப் பெயர். தமிழ் அம்மாவும் பர்மியப் புருஷனும் சேர்ந்தால் அந்தக் கூச்சம் இரட்டிப்பு. இரண்டு பேரும் பனியில் நின்று இரண்டாம் கேள்விக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

"உடனே போய்க் கதவைத் தட்டு. மூச்சு முட்டுதுன்னு சொல்லு" என்றேன்.

"வேணாம்னு சொல்லிட்டு எப்படிம்மா போய் நிக்கிறது? வெக்கமா இருக்கு. கொஞ்ச நேரம் பாக்குறோம்…"

அதோடு என் ஃபோன் அணைந்துவிட்டது.

இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றவும் தோன்றவில்லை. அந்த விசில் மட்டும் காதில் இருந்தது. கரண்ட் வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நான்காம் மாடியில் ஒரு தையல்காரப் பெண் இருக்கிறாள். பர்மியப் பெண், என்னைவிடச் சில வயது இளையவள். மெஷின் நிற்கக் கூடாதென்று பெரிய பாட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி வைத்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள், "அமா, ஃபோனைக் கொண்டாந்து போடுங்களேன்." அமா என்றால் பர்மியத்தில் அக்கா. நான் ஒவ்வொரு தடவையும், இருக்கட்டும், பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். அவள் நூறு தடவை கேட்டாலும் எனக்கு ஆ நா போகாது. இதை வைத்து மகள் கேலி செய்வாள்: "ஊரே உங்களை அமா, அமான்னு கூப்பிடுது, கேட்டா ஆமா மாதிரியே இருக்கு. உங்க வாயில இல்லை, வேணாம் தவிர ஒண்ணும் வரல."

ஃபோனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. கையைத் தூக்கினேன், தட்ட முடியவில்லை. வேலை நேரத்தில் தொந்தரவு என்று தோன்றியது. மெஷின் நிற்கட்டும் என்று காத்தேன். நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது. அப்போதுதான் உறைத்தது. அங்கே மகள் எப்படி நிற்கிறாளோ, இங்கே நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தட்டினேன்.

கதவைத் திறந்தவள் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அமாவா! இன்னைக்கு மழைதான் வரப்போவுது. காயப்போட்ட துணியெல்லாம் எடுக்கணும்."

"எனக்கு உதவி வேணும்" என்றேன். பர்மியத்தில் சின்ன வாக்கியம்தான். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் அதற்குப்பின் கேலி பேசவில்லை. மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் சார்ஜரைச் சொருகினாள்.

மகள் முதல் மணியிலேயே எடுத்தாள். அந்த வீட்டு வாசற்கேட்டுக்கு வெளியே நிற்கிறார்களாம். கேட் வரை போய்விட்டார்கள், உள்ளே போகவில்லை.

"அம்மா, கரண்ட் வந்துட்டுதா?"

"வரல. மேல் வீட்ல இருக்கேன். நானே போய்த் தட்டினேன்."

பனிக்காற்று மட்டும் கேட்டது.

"நீங்களா? மேல் வீட்லயா?"

"நானேதான்."

"பாட்டரிக்கா?"

"ஆமா."

அவள் அதைத் தன் புருஷனிடம் பர்மியத்தில் சொல்வது கேட்டது. அவர் வியந்து ஏதோ சொன்னார். பிறகு பனியில் காலடி சரக்சரக்கென்று விழும் சத்தம். நாய் குரைத்தது. ஃபோனை அணைக்காமலே கையில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. எனக்குப் பக்கத்தில் தையல்காரப் பெண்ணும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. ஒரு பெண்ணின் கனத்த குரல். என் மகள் அந்த ஊர் மொழியில் ஏதோ சொன்னாள். சொல் புரியவில்லை, நடுவில் வந்த விசில் புரிந்தது. அந்தக் கனத்த குரல் ஒரே ஒரு சொல் சொன்னது. அத்தோடு காற்றுச் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே போய்விட்டார்கள். பிறகு லைன் அறுந்தது.

மறுபடி அழைத்தால் போகவில்லை. உட்காருங்க என்று தையல்காரப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். இரண்டாம் கேள்விக்குக் காத்து நின்ற கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மகனும் வெளிநாட்டில்தான்.

சமையலறையிலிருந்து மீன் குழம்பைச் சூடாக்கிக் கொண்டு வந்தாள். "சாப்பிடுங்க அமா."

"சாப்பிட்டாச்சு" என்று என் வாய் சொல்லிவிட்டது. உண்மையில் மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்படியா? சரி" என்று தட்டை மூடி எடுத்துப் போய்விட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இனிமே நானும் ஐரோப்பாக்காரிதான். ஒரு தடவைதான் கேப்பேன்."

பசியோடு சிரித்தேன். வேறு வழி?

எட்டு மணி வாக்கில் வீடியோ அழைப்பு வந்தது. மகள் யாருடையதோ கனத்த கம்பளிச் சட்டைக்குள் இருந்தாள், கை விரல்கூடத் தெரியவில்லை. பின்னால் பெரிய அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் தெரிந்த டாக்டரை ஃபோனில் கேட்டு, கீழேயுள்ள கிராமத்திலிருந்து மருந்து வரவழைத்திருக்கிறார். மகள் பேசியபோது நான் சொற்களைக் கேட்கவில்லை. மூச்சைத்தான் கேட்டேன். விசில் குறைந்திருந்தது. பேச்சும் பர்மியத்துக்குத் திரும்பியிருந்தது.

அந்த அம்மாள் திரைக்குள் எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும், சிவந்த கன்னம். என்னிடம் ஏதோ சொன்னார். மகள் சொன்னாள்: "வேணாம்னு சொன்னியே, உன் வார்த்தையை மதிச்சுத்தானே போனேன், எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறாங்கம்மா. பாவம், அவங்களுக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கு."

மறுபடி கேட்காமல் போனதை அதுவரை நான் இரக்கமில்லாத குணம் என்று நினைத்திருந்தேன். ஒருத்தி சொன்ன சொல்லை அப்படியே நம்புவதும் ஒரு மரியாதைதான் என்று தெரியாமல் போயிற்று. கும்பிட்டேன். அவரும் என்னைப் பார்த்து அதேபோலக் கையைக் குவித்தார்.

மருமகன் கடைசியாக முகத்தைக் காட்டினார். கையில் சூப்புக் கிண்ணம், மூக்கு இன்னும் சிவப்பாக இருந்தது. "அமே," என்றார். பர்மியத்தில் அம்மா. அப்புறம் தமிழில், "சாப்ட்டீங்களா?"

ஆச்சு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பண்ணை வீட்டு அம்மாளின் உறவுப் பையன் மறுநாள் வண்டியைச் சரி செய்து கொடுத்தானாம். விடுமுறை தீர்ந்துபோக, கடலைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்கள். இப்போதும் மகளிடம் கடலைப் பற்றிக் கேட்டால் அந்த அடுப்பைப் பற்றித்தான் சொல்கிறாள்.

அன்று இரவு வீட்டுக்கு இறங்கி வந்து டைரியில் இதையெல்லாம் எழுதினேன். வழக்கமாக ஒரு பக்கம், அன்று மூன்று பக்கம்.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கப்படி எழுந்ததும் டைரியின் அடுத்த பக்கத்தைத் திருப்பித் தேதி எழுதி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன். அன்று படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் முதலில் போய்க் கதவைத் திறந்தேன். தையல்காரப் பெண் முனைக் கடையிலிருந்து மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து மீன் குழம்பு வாசனை, எலுமிச்சை வாசனை. நிற்காமலே, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அமா, சாப்பிட்டாச்சா?"

ஒரே தடவை. கேட்டுவிட்டு அடுத்த படியில் கால் வைத்துவிட்டாள்.

"இல்லை," என்றேன். வாழ்நாளெல்லாம் நான் சொல்லிவந்த அதே சொல். "பசிக்குது."

அவள் நின்று திரும்பினாள். அன்றைக்கு நான் செய்த முதல் வேலை அதுதான், என் பசியை ஒருத்தியிடம் சொன்னது. அதற்குப்பின் எத்தனையோ காலை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பனியில் என் மகள் தட்டிய மூன்று தட்டு காதில் கேட்கிறது.