சிங்காரவேலு செருகிய வேப்பிலை

பூலாம்பாடி சிங்காரவேலுவைச் சொந்தபந்தத்தில் தெரியாதவர் கிடையாது. சின்ன வெங்காயம் போடுகிற குடியானவன். அப்பன் வழியில் மூன்று பங்காளி வீடு, அம்மா வழியில் ஜெயங்கொண்டம் பக்கம் நாலு வீடு. எந்த வீட்டு விசேஷமானாலும் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவன் அவன்தான். தன் வாசலுக்கு வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாதவன். அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த வேலை வந்து சேர்ந்தது.

அவன் அக்கா செங்கமலத்தைச் செந்துறைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அக்கா மகள் இலக்கியாவுக்குப் பதினோரு வயசு. முழங்காலுக்கு மேலே வீங்கிக்கொண்டு, நடக்கும்போது விண்ணென்று வலிக்கிறது என்றாள். கோகோ விளையாட்டில் பட்ட சுளுக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். தாய்மாமன் உரிமையில் சிங்காரவேலுவே எண்ணெய் போட்டு உருவிவிடக் கூட்டிப்போனான். வீக்கம் கூடியதுதான் மிச்சம். திருச்சி ஆஸ்பத்திரியில் படம் பிடித்து, துளி சதை எடுத்துப் பார்த்து, எலும்பில் புற்றுநோய் என்றார்கள்.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. இனி அந்தக் காலை உருவ வேண்டாம் என்று மட்டும் சொன்னார். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியை அடக்க வேண்டும். பிறகு கெட்டுப்போன எலும்பை எடுத்துவிட்டு உள்ளே உலோகம் பொருத்தினால் காலைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் மருந்து ஏறுகிற காலத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும். அப்போது யாருடைய சளியாவது ஒட்டிக் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு ஆபத்து, ஆபரேஷனும் தள்ளிப்போகும். அதனால் வீட்டில் கூட்டம் கூடக் கூடாது என்றார்.

சொல்வது சுலபம். பிள்ளைக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறாத சொந்தம் நம் பக்கத்தில் உண்டா? இலக்கியாவின் அப்பா சிமெண்டு லாரியோடு வாரக்கணக்கில் வெளியூரில். அதனால் சிங்காரவேலு வெங்காயக் காட்டைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு, அக்கா வீட்டு வாசலைக் காக்க வந்து உட்கார்ந்தான்.

முதல் நாளே திணறிப்போனான். ஓமலூர் பெரியப்பனை எந்த வாயால் உள்ளே வராதே என்பது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள், வருத்தமும் பட மாட்டார்கள். ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து நிலைப்படியில் செருகினான். வந்தவர்கள் தெருவிலேயே கும்பிட்டு, இளநீரை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். சிங்காரவேலு மீசையைத் தடவிக்கொண்டான்.

மருந்தில் இலக்கியாவுக்கு முடி கொட்டியது. செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைக்க, அந்தப் பெண் மாமனைப் பார்த்துக் கேட்டாள்.

"காதுகுத்துல ஒன் மடியில உக்கார வச்சு மொட்ட போட்டதுக்குச் சீர் செஞ்சல்ல? இந்த மொட்டைக்கும் சீர் உண்டுல்ல மாமா?"

"ஆபரேஷன் முடியட்டும் பாப்பா, தட்டு வரிசையோட வரேன்" என்றான்.

ஆனால் ரெண்டு நாளில் அந்த வாய் அடங்கிவிட்டது. சோறும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மஞ்சு தினமும் சாயங்காலம் சந்தில் நின்று, ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். வாசல் பக்கம் வந்து வேப்பிலையைப் பார்த்த நாள் முதல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"எனக்கு அம்மையா மாமா வந்துருக்கு? என்னத் தொட்டா ஒட்டிக்கும்னு மஞ்சு பயப்படுறா. நீதான பொய் சொன்ன."

சிங்காரவேலு எழுந்து போய் வேப்பிலையைப் பிடுங்கினான். பிடுங்கிய கையோடு நிமிர்ந்தால், எதிரே சிந்தாமணி.

சிந்தாமணி, இலக்கியாவுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார்கள் என்று இந்தப் படியை மிதிக்காதவள். இப்போது கொழுக்கட்டைத் தூக்கோடு தானாக வந்திருக்கிறாள். கூடவே இருமலும் வந்திருக்கிறது. இவளை நிறுத்தினால் உறவு போச்சு, விட்டால் ஆபரேஷன் போச்சு.

சிங்காரவேலு நாற்காலியைத் தெருவில் போட்டு அவளை உட்கார வைத்தான். தெருவே கேட்கும்படி உள்ளதைச் சொன்னான்.

"இது அம்மை இல்ல அண்ணி. எலும்புல கட்டி. அவகிட்டேருந்து நமக்கு ஒண்ணும் ஒட்டாது. நம்மகிட்டேருந்துதான் அவளுக்கு ஒட்டும். நீங்க இருமுறீங்க."

சிந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நான் எப்பிடித்தான் பாக்குறது?"

அவன் போனில் இலக்கியாவின் முகத்தை வரவழைத்துக் கொடுத்தான்.

"போன்ல கூப்பிட்டீங்கன்னுதான் தம்பி கோவிச்சுக்கிட்டேன். இப்ப புள்ளையவே போன்ல காட்டுற" என்றாள் சிந்தாமணி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இலக்கியாவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் மஞ்சு ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள்.

இருமல் தீர்ந்ததும் சிந்தாமணி துணிப்பையோடு வந்து அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் மாஸ்க், பக்கத்தில் சோப்பும் தண்ணீர் வாளியும். வருகிற சொந்தத்துக்கெல்லாம் ஒரே பதில்தான்: "என்னையே உள்ள வுடல, நீங்க யாரு?" அதற்கு மேல் யார் கோபித்துக்கொள்வது? கொண்டுவந்த பழத்தைக் கொடுத்துவிட்டு, போனில் பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

காய்ச்சல் வரவில்லை. குறித்த தேதியில் ஆபரேஷன் நடந்தது. காலும் தப்பியது. இன்னும் சில மாதம் மருந்து உண்டு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு இலக்கியா வீட்டுக்குள் தத்தித் தத்தி நடந்தாள்.

பூலாம்பாடிக்குப் போய் வெங்காயத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சொன்னபடி சிங்காரவேலு சீரோடு வந்தான். பட்டுப்பாவாடை, தலைக்குப் பூப்போட்ட துணித்தொப்பி, பழம், மாலை. படியில் கால் வைக்கப் போகும்போது பலமாக ஒரு தும்மல்.

சிந்தாமணி காலைக் குறுக்கே நீட்டினாள்.

"வெங்காயச் சருகுத் தூசி அண்ணி, வேற ஒண்ணுமில்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒக்காரு தம்பி." எழுந்து நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, போனை அழுத்தினாள்.

போனில் இலக்கியாவின் முகம் வந்தது. தலையில் பூனைமுடி மாதிரி லேசாக முளைத்திருந்தது.

"மாமா, நீ அங்கேயே இரு. சீர்த்தட்ட மட்டும் அத்தைகிட்டக் குடுத்தனுப்பு" என்றாள்.