லைட்ட அணைச்சுப் பாத்த நட்சத்திரக் கூட்டம்

எம் பேத்தி வெளிநாட்டுல பெரிய டெலஸ்கோப் வச்சு வானத்தப் பாக்குற வேலையில இருக்கா. பாக்குறதுக்குச் சம்பளம்! நான் வாசல்ல நின்னு பக்கத்து வீட்டப் பாத்தா ஏச்சுதான் கெடைக்குது.

அவங்க பாக்குறது ஒரு நட்சத்திரக் கூட்டமாம். கோடிக்கணக்குல நட்சத்திரம், சங்குச் சுழியாட்டம் சுருண்டு கெடக்குதாம். அங்கேருந்து வெளிச்சம் கெளம்புனப்ப மனுசனே பொறக்கலையாம்.

தீபாவளிக்கு வந்தவ சின்ன டெலஸ்கோப் ஒண்ணு கொண்டாந்தா. “நாளைக்குப் ப்ளேன் ஏறிடுவேன் பாட்டி. அதுக்குள்ள நம்ம ஆளுங்களுக்கு அந்த நட்சத்திரக் கூட்டத்தக் காட்டணும்”னா. பெடாஸ் ஊர்ப் பக்கம் எங்க பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் திடல்தான் எடம். ஆளுங்கல்லாம் டவுன் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடிபோயாச்சு, ஆனா தீபாவளிக்கு அங்கதான் கூடுவோம். பசார்ல மீன்காரன் வரைக்கும் சொல்லி வச்சேன்.

பொழுது சாஞ்சிச்சு. மழையும் இல்ல, நிலாவும் இல்ல. போய்ப் பாத்தா திடலே ஜெகஜோதியா எரியுது! எம் பேத்திக்கு மரியாதைன்னு கோயில் தலைவரு கோபுரத்துலேருந்து வேப்பமரம் வரைக்கும் கலர் பல்பு கட்டியிருந்தாரு.

பேத்தி மூஞ்சி சுண்டிப்போச்சு. “இந்த வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாது பாட்டி.”

லைட்ட அணைக்கச் சொன்னேன், தலைவரு ஒத்துக்கல. “தீபாவளியும் அதுவுமா கோயில இருட்டாக்கச் சொல்றீங்களே அக்கா! நம்ம தோட்டத்துப் புள்ள, நம்ம பெருமைலா!”

“ஏன் தம்பி, இதே திடல்ல வெள்ளத் துணி கட்டிப் படம் காட்டுவாங்களே, ‘லைட்ட அணைங்கடா’ன்னு மொதல்ல கத்துறது யாரு?”

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. “நான்தான்.”

“இன்னைக்கு எம் பேத்தி படம். சாமி வெளக்கு எரியட்டும், கதவ மட்டும் சாத்து.”

லைட்டு அணஞ்சிச்சு. மொதல்ல அவருதான் குனிஞ்சாரு. “என்னம்மா, பொகையாட்டம் இருக்கு. இவ்ளோதானா?”

“கண்ணுக்கு அவ்ளோதான் மாமா. எங்க பெரிய டெலஸ்கோப் மணிக்கணக்கா பாத்துக்கிட்டே இருக்கும். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா சேந்தப்புறந்தான் சுருள் தெரியும்”னு போன்ல படத்தக் காட்டினா.

“மங்குல பால் சொட்டுற மாதிரி”ன்னு வரிசையில யாரோ சொன்னாங்க. பால் மரத்தச் சீவி மங்குக் கிண்ணத்துல ரப்பர் பால் சேத்த சனந்தானே, சட்டுனு புரிஞ்சிருச்சு. பாத்தவங்களே திரும்பவும் வரிசைக்கு வந்தாங்க.

நான் கண்ணாடி போட்டு ஒரு தடவ, கழட்டி ஒரு தடவ பாத்தேன். பின்னாடி நின்னவங்க “போதும் நகருங்க”ன்னாங்க. “எங்க வீட்டுச் சொத்து, மெதுவாத்தான் பாப்பேன்”னேன்.

எல்லாரும் பாத்தாச்சுன்னு நெனச்சு தலைவரு சுவிட்சத் தட்டினாரு. திடலே கத்துச்சு: “லைட்ட அணைங்கடா!”

பேத்தி திரும்பி என்னையப் பாத்தா. மொதல்ல கத்துனது நான் இல்லன்னு சொன்னேன். நம்பல.