டீமேக்கர் வீட்டுக்குப் போகாத புத்தகம்

1974 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து முகம் மழித்தேன். மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். மனைவி பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போயிருந்ததால் தேநீரை நானே ஊற்றிக்கொண்டு, மீதமிருந்த நாவலை முடிக்க உட்கார்ந்தேன். அன்று மாலை அதைத் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் வீட்டில் கொடுத்தாக வேண்டும்.

நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். இந்தியாவிலிருந்து புத்தகம் வருவது அருகிப்போயிருந்த காலம். யார் கையில் ஒரு நாவல் கிடைத்தாலும் உத்தியோகத்தர் வீடுகள் நான்கும் முறை வைத்துப் படிக்கும். ஞாயிறு மாலை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எனக்குப் பிறகு டீமேக்கர் வீடு.

அந்த நாவலைச் சொல்பவன் ஒரு கணவன். படுக்கையில் கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி காய்ச்சுகிறான், ஊட்டுகிறான், வாயைத் துடைத்துவிடுகிறான். முக்கால் புத்தகம் வரை எனக்கு அவனைப் பிடித்திருந்தது. பிறகு ஓர் இடத்தில், மழையைப் பற்றிச் சொல்வது போல, கஞ்சியில் தினமும் எந்த விஷத்தைக் கலந்தான் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறான். முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பொய் என்று பிடிக்க ஒரு வரியும் இல்லை. அடுப்படியில் நின்ற நேரத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டிருந்தான். இத்தனை நாளும் அவனோடு சேர்ந்து நானும் அவள் வாயைத் துடைத்தது போலிருந்தது. எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன்.

டீமேக்கரின் மனைவி வாதத்தில் விழுந்து இரண்டு வருடம். கையால் புத்தகம் பிடிக்க முடியாது. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அவர்தான் உரக்கப் படித்துக் காட்டுவார். கஞ்சி காய்ச்சுவதும் அவர்தான். அந்த மனிதர் தம் வாயால் "நான், நான்" என்று இதைப் படிக்க, அவள் கேட்டுக்கொண்டு கிடப்பதா? புத்தகத்தை விறகுக் கட்டின்மேல் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனேன்.

"என்னங்க கிளாக்கர் ஐயா, பொஸ்தகம் எங்க?" என்றாள் அவள் கட்டிலில் கிடந்தபடி, நான் குடையை மடக்குமுன்பே.

"இன்னும் முடியேல்லை, தங்கச்சி."

"அனே! ஒரு நாளாச்சும் பிந்தியிருக்கீங்களா நீங்க? பொய் சொல்லவும் ஒரு மூஞ்சி வேணுங்க."

அப்போது டீமேக்கர் கஞ்சிக் கோப்பையோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசிக் கஞ்சி, வெறும் உப்புப் போட்டது. கரண்டியை ஊதினார், ஊட்டினார், துண்டால் அவள் உதட்டைத் துடைத்தார். நாவலில் இருந்ததுபோலவே. என் கண் கரண்டியோடு போய்க் கரண்டியோடு வந்தது. திருப்ப முயன்றேன், முடியவில்லை. அந்த எழுத்தாளன் மேல் எனக்கு வந்த அருவருப்பைச் சொல்ல முடியாது.

அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும், "அதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"வேண்டாம் தங்கச்சி. குப்பை."

"குப்பைனா நீங்க ஏன் என் கோப்பையையே பாக்குறீங்க?"

சுருக்கமாகச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஏங்க, இங்க வாங்க! கிளாக்கர் ஐயா உங்கள கொலகாரனாக்கிட்டாரு. நீங்க என் கஞ்சியில மருந்து கலக்குறீங்களாம்!"

"அப்பிடி இல்லை," என்றேன். "கதையிலதான்..."

டீமேக்கர் சிரிக்கவில்லை. செம்பை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோப்பையிலிருந்து ஒரு கரண்டி அள்ளித் தாம் குடித்தார். என்னைப் பார்க்காமல் அடுத்த கரண்டியை அவளுக்குக் கொடுத்தார். அதற்கடுத்ததையும் முதலில் தாமே குடித்தார்.

"அட, சும்மா இருங்க," என்றாள் அவள். சிரிப்பு நின்றுவிட்டது. "வெளயாட்டுக்குத்தானே சொன்னேன்."

"பாத்துக்கட்டும்," என்றார் அவர்.

மன்னிப்புக் கேட்டால், அப்படி நினைத்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்காவிட்டாலும் அதேதான். குடையை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் காலில் ஏறிய அட்டையை வீட்டுப் படியில்தான் கவனித்துப் பிய்த்தேன். அந்தப் புத்தகத்தை நினைக்க அதைவிடக் கூசியது. இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அந்த வீட்டில் இனி ஒவ்வொரு வேளையும் அவர் முதல் கரண்டியைத் தாம் குடித்துவிட்டுத்தான் ஊட்டுவாரோ என்ற நினைப்போடேயே படுத்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் முகம் மழிக்கவில்லை, மழைமானியையும் பார்க்கவில்லை. நேரே டீமேக்கர் வீட்டு அடுப்படிக்குப் போனேன். அவர் கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு கோப்பை தாங்கோ," என்றேன்.

அவர் அவள் கோப்பையில் ஊற்றி, எனக்கு முதலில் நீட்டினார். கஞ்சி எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆகாது. நின்றபடியே முழுவதும் குடித்தேன்.