கணினி நீக்கிய கரை

விமானத்திலிருந்து லேசர் அளந்த புள்ளிகளில் தரை எது என்று பிரிப்பதே தங்கையின் வேலை. அவள் முடித்த வெள்ள வரைபடத்தில் அக்காவின் தெரு மூழ்கியது. அது அப்படியே அரசுக்குப் போனால் தெருவைக் காலி செய்துவிடுவார்கள்.

"உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடி? ஆத்துக்கும் எங்களுக்கும் நடுவுல இவ்ளோ பெரிய கரை நிக்குதே," என்றாள் அக்கா தொலைபேசியில்.

அக்கா சொன்னது சரிதான். தரை என்று ஏற்கச் சமவெளிக்கென வைத்த சரிவு வரம்பு எட்டு டிகிரி. அதைவிடச் செங்குத்தான கரையைக் கட்டடம் என்று கணினி நீக்கியிருந்தது. தங்கை வரம்பை முப்பதாக உயர்த்தினாள். கரை திரும்பி வந்தது. அக்காவின் வீட்டுக்கு நேர் எதிரே அது ஓர் ஆள் உயரம் தாழ்ந்திருந்ததும் தெரிந்தது.

"கரை இருக்குக்கா. ஆனா உன் வீட்டுக்கு எதிர்லதான் இறங்கிக் கிடக்கு. தண்ணி அது வழியா உள்ள வந்துரும்."

அக்கா அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வரும்போது சாமான் கட்ட அட்டைப்பெட்டி எடுத்துட்டு வா," என்றாள்.