தோடிக்கு நான் வரைந்த இரண்டு கைகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமி காரியத்தில் கை வைத்த கதை என்பதால் பயம். இலஞ்சிக் குமாரர் கோயிலில் முருகனிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் இப்போது பேனாவை எடுத்தேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு சாரல் நாளில் குற்றாலம் போய் வந்தபோது ஒரு படம் கொண்டுவந்தாள். மரத்தடியில் ஒரு பெண் வீணையோடு நிற்கிறாள், சுற்றிலும் மான்கள். வீணை இருந்தால் சரஸ்வதிதானே? அப்பா அதைப் பூஜை அறையில் மாட்டினார். தினமும் குங்குமம் வைப்பது என் வேலை. அத்தை மட்டும் கும்பிடாமல் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாள்.

சரஸ்வதி பூஜைக்கு வந்த பாட்டு வாத்தியார், சுண்டலும் கையுமாகப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது சரஸ்வதி இல்லல்லா! வடக்க தோடி ராகத்த இப்படிப் படமா வரைவாங்க. ஆசப்பட்டவன் பக்கத்துல இல்ல, அவ தனியா வாசிக்கா. மான்தான் கேக்குது. ரெண்டு கைதான இருக்கு, பாருங்க.”

அவர் போனதும் அப்பா அத்தை பக்கம் திரும்பினார். “ஏட்டி, இத யாரு குடுத்தா?”

அத்தை மறைக்கவில்லை. “எங்கூட டைப்ரைட்டிங் படிச்ச செங்கோட்டைக்காரரு. வடக்க வேல பாக்காரு. லீவுல வந்தப்ப குடுத்தாரு. வந்து பொண்ணு கேப்பாரு.”

“வெள்ளிக்கிழம ஆலங்குளத்துல இருந்து உன்னப் பாக்க வாராங்க. அதுக்குள்ள படத்த இறக்கு.”

“நான் இறக்க மாட்டேன் அண்ணே.”

“அப்ப காலையில நான் இறக்குதேன்.”

எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கை குறைவதால் படத்துக்கு ஆபத்து. காலையில் அப்பா குளிக்கப் போன நேரம், கண்ணாடி போடாத அந்தப் படத்தில் ஸ்கெட்ச் பேனாவால் இன்னும் இரண்டு கைகள் வரைந்தேன். ஒன்றில் ஜெபமாலை, ஒன்றில் சுவடி. சுவடி செங்கல் மாதிரி வந்தது.

அப்பா ஈரத் துண்டோடு வந்து படத்தை எடுக்கக் கையை நீட்டினார். நாலு கையைப் பார்த்தார். நீட்டிய கை தானாகக் கன்னத்துக்குப் போனது. கோணலாக இருந்தாலும் சரஸ்வதி சரஸ்வதிதான். இறக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அத்தை பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள். “ஏட்டி, இப்படிப் பண்ணிட்டியே.”

கை கோணியதற்கு அழுகிறாள் என்று நினைத்து, “அழிச்சிட்டு நேரா வரையுதேன் அத்தை” என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். “ஆலங்குளத்துக்காரங்கள வரவேண்டாம்னு சொல்லிருங்க அண்ணே. படத்துல யாரு இருந்தாலும் சரி, நான் காத்துதான் இருப்பேன்.”

மூன்று வருஷம் அசையாமல் இருந்து செங்கோட்டைக்காரரையே கட்டினாள்.

படத்தைக் காப்பாற்றியதாக வெகுகாலம் எனக்குப் பெருமை. அத்தை அதில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும், அவளை நான் சாமியாக்கிப் படத்திலிருந்து அனுப்பிவிட்டேன் என்பதும் என் கல்யாணத்துக்குப் பிறகுதான் உறைத்தது.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கு இரண்டு கைதான் என்று சொல்லுங்கள். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். நான் சேர்த்ததே போதும்.