காணிக்கைப் பையில் போட்ட மாத்திரைகள்

என் மகள் எஸ்தருக்கு அப்போது நான்கு வயது. வலிப்பு நோய். தினமும் இரண்டு வேளை மாத்திரை. "கசக்குது, நக்கோ, வேண்டாம்" என்று வாயை இறுக்கிக்கொள்வாள். மூக்கைப் பிடித்துக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு அழுவேன்.

1976, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து பிரசங்கிக்க வந்த ஊழியர் ஒருவர், "பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற தாய் அவிசுவாசத்தைக் கொடுக்கிறாள்" என்றார். எனக்கு உறுத்தியது. டீச்சர் டிரெயினிங் முடித்தவள் நான். ஆனால் பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா என் காதில், "என்ன மேரி, ஒனக்கு இயேசப்பாவவிட டாக்டர்தான் பெருசோ?" என்றதும் கூசிப்போனேன். காணிக்கைப் பை வந்தபோது மாத்திரைப் பொட்டலத்தை அதில் போட்டேன். அல்லேலூயா முழங்கியது. மகள் சுகமானாள் என்று அங்கேயே என்னைச் சாட்சி சொல்லவைத்தார் ஊழியர். சொன்னேன்.

ஐந்தாம் நாள் ஊழியருக்கு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. காலையிலிருந்தே எஸ்தரின் உதடு துடித்தது. சமையலறையில் மண்டியிட்டேன். "ஆண்டவரே, நான் செய்தது தப்பென்றால் இன்றைக்கே காட்டும்."

சாப்பிட்டு முடித்தவர் வெந்நீர் கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார்.

"ஐயா, இது?"

"பிரஷருக்கும்மா. ஊழியம் நிக்கக் கூடாதுல்ல?"

பதில் வந்துவிட்டது. எஸ்தரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரிக்‌ஷாவிலேயே வலிப்பு வந்தது, நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். வொர்க்‌ஷாப்பிலிருந்து ஓடிவந்த என் கணவர், "ஏட்டி, நீ படிச்சவதான?" என்று மட்டும் கேட்டார்.

நான்காம் நாள் கண் திறந்தாள். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஸ்தோத்திரம். ஆனால் இடது கை இன்றுவரை எழவில்லை. பேச்சும் முழுதாகத் திரும்பவில்லை. ஐந்து நாள் முன்பே அப்படி ஜெபித்திருக்கலாமே என்று தினமும் நினைக்கிறேன். கர்த்தர் மன்னித்துவிட்டார். என்னால்தான் என்னை மன்னிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்றேன். "அன்று நான் சொன்ன சாட்சி பொய்" என்றேன்.

"தேவ மனுஷனையே குத்தஞ்சொல்லுதியே!" என்றார் ரோஸ் அக்கா.

ஆராதனை முடிந்ததும், கைக்குழந்தையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னத நம்பி நானும் பிள்ளைக்கு மருந்த நிறுத்திட்டேங்க்கா" என்று அழுதாள். அவளை அப்படியே அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

அன்பானவர்களே, யார் பிரசங்கித்தாலும் உள்ளம் உறுத்தினால் அதை அவிசுவாசம் என்று அடக்காதீர்கள். ஆண்டவரிடமே கேளுங்கள். தாமதிக்காமல் கேளுங்கள். அவர் சொல்லுவார்.