கோயில் பாண்

என் மனைவியின் ஈரலில் கட்டி இருப்பதாகச் சொன்னபோது எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் டொக்டர் ஒரு வழி வைத்திருந்தார். வயிற்றை வெட்டத் தேவையில்லை. ஸ்கேனில் பார்த்தபடியே தோலுக்கூடாக ஓர் ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதன் நுனியிலிருந்து வரும் மைக்ரோவேவ் சூட்டால் கட்டியைச் சுட்டுவிடுவார்களாம். கட்டி சின்னதாக இருக்கும்வரைதான் அது சரிவரும் என்றும் சொன்னார்.

"சோறு சூடாக்கிற சாமான்தானே, எனக்கென்ன பயம்?" என்று கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சிரித்தாள். என் கையை மட்டும் இறங்கும்வரை விடவில்லை.

மயக்க மருந்து கொடுப்பதால் முதல்நாள் இரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். சிகிச்சை நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அவளுடைய அக்கா தேவாலயத்தில் காலைப் பூசைக்குப் போய், அங்கே ஆசீர்வதித்துக் கொடுத்த பாண் ரொட்டித் துண்டோடு நேரே வார்டுக்கு வந்துவிட்டார். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். கோயில் பாண் சாப்பாட்டில் சேராது என்பது அக்காவின் எண்ணம். அக்காவின் மனதை நோகடிக்க வராமல் இவளும் அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

ஏதாவது சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டபோது, இவள் உள்ளதைச் சொன்னாள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆளுக்கே ஆபத்து என்று டொக்டர் சிகிச்சையை நிறுத்திவிட்டார். அந்த ஊசி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது. இவளுக்கென்று பிரித்த ஊசி, வீணாகாமல், அன்றே வேறொருவருக்குப் போனது. அடுத்தது வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

"உங்களுக்கு அறிவில்லையா அக்கா?" என்று வார்டு வாசலில் நின்று கத்தினேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

சில மாதங்கள் கழித்து ஊசி வந்து சேர்ந்தபோது மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பெருத்து, பக்கத்து இரத்தக் குழாயைச் சுற்றியிருந்தது. இனி ஊசி சரிவராது, மருந்தோடு பார்க்கலாம் என்றார் டொக்டர். அன்றைக்கே செய்திருந்தால் என்று நான்தான் கேட்டேன்.

"அண்டைக்கெண்டா அநேகமா சரிவந்திருக்கும்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

அறைக்கு வெளியே வந்ததும் இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அக்காவிட்ட இதைச் சொல்லாதேங்கோ. நான் போனாப் பிறகும் அவ இருக்கோணும்."

அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு அக்காவைத் தேடிப் போனேன்.

அக்கா நடைக்கோடியில் ஒரு வாங்குப் பலகையில் தனியாக இருந்தார். அன்றைக்குப் பிறகு எங்களுக்குக் கிட்ட வரவே அவர் பயந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னவை?"

"ஊசி சரிவராதாம்."

"அண்டைக்குச் செய்திருந்தா?"

"அண்டைக்கும் சரிவந்திராதாம் அக்கா. கட்டி இருக்கிற இடம் அப்பிடியாம்."

அக்கா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஆண்டவரே, உமக்கு நன்றி," என்றார்.